செங்கல்பட்டில் கழற்றிய பட்டம், பொத்தேரியில் எழுதிய பெயர்

பொத்தேரி ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டிக்காகக் காத்திருந்தபோது தம்பி நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினான். பதினொரு பெயர்கள் எழுதி, எட்டை அடித்திருந்தான். “மிச்சம் மூணுல ஒண்ணைச் சொல்லுக்கா. பத்திரத்துல ஏத்திட்டா அப்புறம் மாத்த முடியாதோன்னு பயமா இருக்கு” என்றான்.

அவன் திருநம்பி. பிறந்தபோது பெண் குழந்தை என்று பதிவேட்டில் எழுதப்பட்டு, ஆணாகத் தன்னை உணர்ந்து, ஆணாக வாழ முடிவெடுத்தவன். கல்லூரி மாணவன், நம் சேரிப் பிள்ளை. பழைய பெயரையும் புதிய பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. ‘அவர்’ என்று மரியாதையாக எழுதலாமே என்று சிலர் கேட்கலாம். ‘அவன்’ என்றே எழுதச் சொன்னான். அந்தக் கடைசி ‘ன்’ அவனுக்கு வேண்டுமாம்.

அன்று நாங்கள் போனது ஒரு நோட்டரி வக்கீலைப் பார்க்க. திருநர் அடையாளச் சான்றிதழுக்கு மாவட்ட ஆட்சியரிடம் இணையத்தில் விண்ணப்பிக்கும்போது ஓர் உறுதிமொழிப் பத்திரம் இணைக்க வேண்டும். திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் நிறைவேறியபோது அதன் 7-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு சொன்னது இது: சான்றிதழ் பெற்றவர் பிறப்புச் சான்றிதழிலும் மற்ற அடையாள ஆவணங்களிலும் தன் ‘முதல் பெயரை’ மாற்றிக்கொள்ளலாம். முதல் பெயரை. அந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இதை ஏன் வரலாறாக எழுதுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஒரு மாதம் முன்பு எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு தோழர், “பேர் மாத்துறதெல்லாம் அவங்க பர்சனல். இயக்கத்துல அதுக்கு எதுக்கு நேரம்?” என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தம்பியைப் பழைய பெயரிலேயே கூப்பிட்டார். பின்னால் சுவரில் பாபாசாகேப் படம். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் பதில் சரியாகச் சொல்ல வரவில்லை. சொல்ல வேண்டியிருந்த பதில் இதுதான்: தோழர், நம்முடைய அரசியலே பெயர் மாற்றிக்கொண்டவர்களின் அரசியல். அதில் ஒரு பெரிய பக்கம் பொத்தேரியிலிருந்து ஐந்தாவது ஸ்டேஷனில் எழுதப்பட்டது.

1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதலாவது மாகாணச் சுயமரியாதை மாநாடு செங்கல்பட்டில் நடந்தது. தலைமை டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். சாதியைக் காட்டும் பட்டங்களைப் பெயரோடு சேர்த்து எழுதுவதைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானம் அங்கே நிறைவேறியது. பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமாகச் சொத்துரிமை, துணையைத் தேர்ந்தெடுக்கவும் விலகவும் உரிமை என்ற தீர்மானங்களும் அதே மாநாட்டில்தான். பெரியார் தன் பெயரின் பின்னால் இருந்த ‘நாயக்கர்’ பட்டத்தைக் குடி அரசு இதழில் 1927 இறுதியிலேயே விட்டுவிட்டார். செங்கல்பட்டு அதை ஓர் ஆளின் முடிவிலிருந்து ஓர் இயக்கத்தின் முடிவாக மாற்றியது.

அதன் பலனை இன்று வடநாட்டுப் படிவம் நிரப்பும் ஒவ்வொரு தமிழ் மாணவரும் அனுபவிக்கிறார். ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று விழிக்கிறோம். அப்பா பெயரை எழுதுகிறோம், அல்லது இனிஷியலை நீட்டி எழுதுகிறோம். நமக்கு இருப்பது ஒரே பெயர், முன்னால் ஓர் எழுத்து. மற்ற மாநிலங்களில் ஒரு திருநம்பி முதல் பெயரை மாற்றினாலும் குடும்பப் பெயர் பின்னால் நிற்கும். பல இடங்களில் அதுதான் சாதி. இங்கே முதல் பெயர்தான் முழுப் பெயர். அதை மாற்றுவது கிட்டத்தட்ட ஆளையே புதிதாக எழுதுவது.

ஆனால் 1929-ஐப் பற்றி நம் தரப்பிலிருந்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்டம் இருந்தவர்கள் பட்டத்தைக் கழற்றினார்கள். நம் பாட்டன் பூட்டனுக்குக் கழற்றுவதற்குப் பின்னால் எதுவும் இல்லை. சாதி அவர்களுடைய முதல் பெயரிலேயே உட்கார்ந்திருந்தது. மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் 31-ஆம் சுலோகம், பிராமணனுக்கு மங்கலமான பெயர், சத்திரியனுக்கு வலிமையைச் சொல்லும் பெயர், வைசியனுக்குச் செல்வத்தைச் சொல்லும் பெயர், சூத்திரனுக்கு இழிவைச் சொல்லும் பெயர் என்று வகுக்கிறது. அந்தப் பட்டியலிலேயே இடமில்லாதவர்கள் நாம். குப்பன், மண்ணாங்கட்டி, பிச்சை, அமாவாசை. (பிள்ளைகள் தக்காத வீட்டில் கண் படக்கூடாது என்று எல்லாச் சாதியிலும் இப்படிப் பெயர் வைத்தது உண்டு, மறுக்கவில்லை. நம் தெருவில் மட்டும் ஏன் அத்தனை வீட்டிலும் அதே பெயர்கள் என்பதுதான் கேள்வி.) என் தாத்தா பெயர் அமாவாசை. தகப்பனார் பெயர் என்ன என்று வாத்தியார் கேட்டு, பதிலுக்கு வகுப்பே சிரித்ததை என் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால் நம் ஆட்கள் முதல் பெயரிலேயே கை வைத்தார்கள், செங்கல்பட்டு மாநாட்டுக்கு வெகு முன்பே. 1845-இல் பிறந்த காத்தவராயன் என்ற சிறுவன் வளர்ந்து, தனக்குக் கல்வி தந்த ஆசிரியரின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டான். அவர்தான் அயோத்திதாசப் பண்டிதர். காத்தவராயன் நம் தெருக்கூத்தில் கழுவேறும் சாமி. அந்தப் பெயரில் அவருக்கு என்ன மனக்குறை இருந்ததோ. பிறப்பு தந்ததை வைத்துவிட்டு அறிவு தந்தவரின் பெயரை எடுத்துக்கொண்டார் என்பது மட்டும் தெரிகிறது. தனக்கு மட்டும் பெயர் மாற்றியதோடு அவர் நிற்கவில்லை. நம்மைப் பறையர், பஞ்சமர் என்று அழைப்பதை மறுத்து, நாம் பூர்வத் தமிழர், பூர்வ பௌத்தர் என்று எழுதினார். 1907-இல் தொடங்கிய அவருடைய இதழ் நெடுகிலும் அந்தச் சண்டைதான்.

அதே காலத்தில் நேர் எதிராக ஒருவர் நின்றார். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், நம் மாவட்டத்துக்காரர். 1893-இல் இதழ் தொடங்கியபோது அதற்கு அவர் வைத்த பெயர் ‘பறையன்’. எந்தப் பெயரைச் சொல்லி நம்மைத் தாழ்த்துகிறார்களோ அந்தப் பெயரோடுதான் நிமிர்ந்து நிற்க வேண்டும், பெயரை மறைத்தால் உரிமை கேட்க ஆள் எங்கே என்பது அவர் நிலை. இரண்டு பேரும் உறவினர்கள், இரண்டு பேரும் போராளிகள், இந்த ஒரு விஷயத்தில் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. பிறகு 1922-இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாண அரசு ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயரை ஏற்றது. ஒரு சமூகமே அரசாங்கப் பதிவேட்டில் பெயர் மாற்றிக்கொண்டது. அப்போதும் யாராவது, “இதெல்லாம் அவங்க பர்சனல்” என்று சொல்லியிருப்பார்கள்.

வண்டி காட்டாங்குளத்தூரைத் தாண்டி மறைமலை நகரில் நின்றபோது தம்பியிடம் கேட்டேன், இந்த ஊர் யார் பெயரில் இருக்கிறது தெரியுமா என்று. தினமும் இந்தப் பலகையைப் பார்க்கிறவனுக்குத் தெரியவில்லை. வேதாசலம் என்று இருந்தவர், 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின்போது வேதத்தை மறையாக்கி, அசலத்தை மலையாக்கித் தன்னை மறைமலை ஆக்கிக்கொண்டார். தானே வைத்துக்கொண்ட பெயர் இன்று ஒரு நகராட்சி. அவருடைய மகள் நீலாம்பிகை தலைமையேற்ற பெண்கள் மாநாடுதான் 1938 நவம்பரில் ஈ.வெ.ரா.வைப் ‘பெரியார்’ என்று அழைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஒருவர் தனக்குத் தானே வைத்துக்கொண்டாலும், கூட்டம் கூடி வைத்தாலும், கூப்பிட நான்கு பேர் இருந்தால்தான் பெயர் நிலைக்கும். “எனக்கு நாலு பேர் இருக்காங்க, எண்ணிட்டேன்” என்றான். அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை.

திருநங்கைகளுக்கு ஜமாத் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அம்மா உண்டு, மகள் உண்டு, குரு உண்டு. பல நேரங்களில் பெயர் வைப்பதும் அந்த அம்மாதான். அதற்குள் இருக்கும் அதிகாரத்தையும் சுரண்டலையும் பற்றித் திருநங்கைகளே எழுதியிருக்கிறார்கள், ஆனாலும் கூப்பிட ஒரு வீடு இருக்கிறது. திருநம்பிகளுக்கு அப்படி ஒரு மரபு இல்லை. விடுதி அறையில், ராத்திரி, தனியாக, போனில் பெயர்ப் பட்டியல் தேடிக்கொண்டிருக்கிறான் பிள்ளை.

அரசியல் கணக்கிலும் அவர்கள் பின்னால்தான் வந்தார்கள். 2008 ஏப்ரல் 15-இல் தமிழ்நாடு அரசு நல வாரியம் அமைத்தபோது அதன் பெயரே அரவாணிகள் நல வாரியம். ‘திருநங்கை’ என்ற சொல் கலைஞர் ஆட்சியில் பரவலானது. ‘திருநம்பி’ மெதுவாக அதன் பின்னால் வந்தது. 2014 ஏப்ரல் 15-இல் உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில், ஒருவரின் பாலினத்தைத் தீர்மானிக்கும் உரிமை அவருக்கே என்று சொன்னது. அந்தத் தீர்ப்பிலும் பேச்சு பெரும்பாலும் திருநங்கைகளைச் சுற்றியே. (அம்பேத்கர் பிறந்த நாளுக்கு மறுநாள் இரண்டுமே நடந்தது என்பதை நம் மேடைகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.) 2022-இல், உயர் நீதிமன்ற உத்தரவின் தொடர்ச்சியாக, மாநில அரசு அரசிதழில் ஒரு சொற்பட்டியல் வெளியிட்டது. ஊடகங்கள் இழிவில்லாமல் எழுத வேண்டிய சொற்கள் அதில் இருக்கின்றன.

புத்தகம் என்று பார்த்தால் தலித் திருநங்கையான லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ 2007-இல் வந்தது. பெயர் மாற்றத்துக்காக அலைந்த அலைச்சலும் அதில் இருக்கிறது, மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ஆ. ரேவதி 2016-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த தன் இரண்டாவது தன்வரலாற்றின் பிற்பகுதியைத் திருநம்பிகளின் வாழ்க்கைக் கதைகளுக்காக ஒதுக்கினார். ஒரு திருநங்கை தன் புத்தகத்தில் பாதி வீட்டைத் தம்பிகளுக்கு எழுதிக் கொடுத்தது போல.

தமிழ் இலக்கணம் மட்டும் இந்தப் பிள்ளைகளை எப்போதோ பார்த்துவிட்டது. 13-ஆம் நூற்றாண்டின் நன்னூல், பெண்தன்மையை விட்டு ஆண்தன்மையை விரும்புகிறவரை ஆண்பாலில் வைக்கிறது. அதாவது ‘அவன் வந்தான்’ என்பதே சரியான தமிழ். தமிழ்ப் பற்றைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் தோழர்களுக்கு இதை அடிக்கடி நினைவூட்டலாம். முழுதாகக் கொண்டாடவும் முடியாது. அதே சூத்திரம் இவர்களை அஃறிணை போலச் சொல்லவும் இடம் கொடுக்கிறது. பேருந்தில் ‘அது’ என்று பேசுகிறவர்கள் நன்னூல் படித்தவர்கள் இல்லை, ஆனால் அந்த இரண்டாம் பாதியைத்தான் கடைப்பிடிக்கிறார்கள்.

சரி, அடித்துவிட்ட எட்டுப் பெயர்களுக்கு வருகிறேன். அங்கேதான் சாதி உட்கார்ந்திருந்தது.

ஒன்று, சாமுவேல். அம்மாவின் அப்பா பெயர், தம்பிக்கு மிகப் பிடித்த தாத்தா. அதை அடிக்கச் சொன்னது நான்தான், எனக்கே வெட்கமாக இருந்தது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களை மட்டும் பட்டியல் சாதியாக ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்றும் வெளியே. பெயர் மட்டும் மதத்தை முடிவு செய்யாது, ஆனால் விசாரணை பெயரிலிருந்துதான் தொடங்கும். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், அவர் கிறிஸ்தவ நம்பிக்கையைப் பின்பற்றுகிறார் என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழை உச்ச நீதிமன்றம் மறுத்தது. உதவித்தொகையில் படிக்கும் பிள்ளை அந்த ஆபத்தை எடுக்க முடியுமா? 1994 அக்டோபர் 10-இல் பஞ்சமி நிலப் போராட்டத்தின்போது செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. குண்டு இரண்டு பெயரையும் ஒன்றாகத்தான் பார்த்தது. சட்டம் இரண்டு பெயரையும் வேறு வேறாகப் பார்க்கும்.

இன்னொன்று பீமராவ். இது என் ஆசை. கௌதமன், இராவணன், இளமாறன் என்று நான் சொன்னவை எல்லாம் வரிசையாக அடிபட்டிருந்தன. 1991-இல் அம்பேத்கர் நூற்றாண்டைக் கொண்டாடிய தலைமுறை என் அப்பாவுடையது, பெயர் என்றால் கொடி என்று வளர்ந்தவள் நான். திருமாவளவன் தன் அப்பாவின் இராமசாமி என்ற பெயரைத் தொல்காப்பியன் என்று மாற்றி, தன் இனிஷியலையே ‘தொல்.’ ஆக்கிக்கொண்டதும், கூட்டம் கூட்டமாக மக்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டியதும் எங்களுக்குக் கதை இல்லை, கண் முன் நடந்தது. இதையெல்லாம் சொல்லி பீமராவுக்காக வாதாடினேன். தம்பி பொறுமையாகக் கேட்டான்.

“அக்கா, கம்பெனி இண்டர்வியூல பேரைச் சொன்னதும் என் சாதி தெரியணும், குரலைக் கேட்டதும் நான் யாருன்னு தெரியணும். ரெண்டையும் முதல் நிமிஷத்துலயே சொல்லிடணுமா? எனக்கு கிளாஸ்ல மூணு பேருக்கு இருக்கிற மாதிரி ஒரு பேர் போதும். கூப்பிட்டா மூணு பேர் திரும்பிப் பார்க்கணும்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அயோத்திதாசருக்கும் இரட்டைமலையாருக்கும் நடந்த சண்டை 130 வருஷம் கழித்து மின்சார ரயிலில் எங்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்திருந்தது. என் வாதம் இரட்டைமலையாருடையது. அதை நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் அவர் அந்தப் பெயரைத் தன் இதழுக்கு வைத்தார், அடுத்த வீட்டுப் பையனுக்கு வைக்கவில்லை. கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்காமல் நடந்து போகும் உரிமையும் நாம் கேட்ட உரிமைகளில் ஒன்றுதான். பொதுக் கிணறும் பொதுத் தெருவும் வேறு எதற்காக?

பெயர் முடிவானது பரனூர் தாண்டி. மூன்றில் மிகச் சாதாரணமான பெயர்.

இனி இனிஷியல். சட்டம் சொல்வது முதல் பெயரை மட்டும். அப்பா இரண்டு வருஷமாகத் தம்பியோடு பேசுவதில்லை. அந்த அப்பாவின் எழுத்துதான் புதுப் பெயருக்கு முன்னாலும் நிற்கப்போகிறது. அதை விடவும் முடியாது. 2020-இல் வந்த விதிகளின் இணைப்பில், பெயர் மாற்றக்கூடிய ஆவணங்களின் பட்டியலில் சாதிச் சான்றிதழும் இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழுக்குப் போனால் முதலில் கேட்பது பெற்றோரின் சாதிச் சான்றிதழ். பெற்ற வீடு கதவைச் சாத்திவிட்ட பிள்ளை, தான் தலித் என்று நிரூபிக்க அதே வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். சாதி இந்து வீட்டில் பிறந்த திருநம்பிக்கு வீட்டைத் துறப்பது துயரம். நம் பிள்ளைக்குத் துயரத்தோடு உதவித்தொகையும் போகும். தம்பியின் அம்மா, அப்பா தூங்கிய நேரத்தில் அந்தச் சான்றிதழைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார். கீழே ஒரு வரி, “டெலிட் பண்ணிடு கண்ணு”.

ஓர் அலுவலகத்தில், எது என்று எழுதப்போவதில்லை, எங்களைக் கேட்டார்கள்: “நீங்க எஸ்.சி.யா, இல்ல திருநங்கை கோட்டாவா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.” அந்தக் குழப்பத்துக்கும் வரலாறு உண்டு. 2015-இல் மாநில அரசு திருநரை மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பாலினத்தை ஒரு சாதியாக நடத்துகிறது என்று சொல்லி 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணையை ரத்து செய்தது. ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநருக்குத் தனிப் பங்கு, அதாவது கிடைமட்ட இடஒதுக்கீடு வேண்டும் என்று கிரேஸ் பானு போன்ற தலித் திருநங்கைத் தோழர்கள் பல வருஷமாகக் கேட்டுவருவது இதனால்தான். தம்பி எஸ்.சி.யும் திருநம்பியும். ஏதாவது ஒன்றாக இருக்கச் சொல்லும் கட்டம் தப்பான கட்டம்.

நோட்டரி வக்கீல் வயதானவர். பத்திரத்தைப் படித்தார், புதுப் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சரிபார்க்கச் சொன்னார், முத்திரை குத்தினார், பணம் வாங்கிக்கொண்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் தம்பி, “அவ்ளோதானாக்கா?” என்றான். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது அவனுக்கு.

திருநர் அடையாளச் சான்றிதழ் வந்துவிட்டது. 2019-இல் நிறைவேறிய சட்டப்படி, ‘ஆண்’ என்று எழுதிய சான்றிதழ் வேண்டுமானால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 7-ஆம் பிரிவில் மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு இப்போது அவனிடம் காசும் இல்லை, அவசரமும் இல்லை. சாதிச் சான்றிதழ் மனு நிலுவையில் இருக்கிறது.

போன ஞாயிறு வாசகர் வட்டத்தில் வருகைப் பதிவு நோட்டில் அவனே கையெழுத்துப் போட்டான். பெயர்களைப் படித்துக் காட்டியது அதே தோழர். அந்த வரிக்கு வந்ததும் பழைய பெயரின் முதல் எழுத்து வாயில் வந்துவிட்டது. நிறுத்தினார். நோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், எழுதியிருந்ததைப் படித்தார். பின்வரிசையில் அதே பெயர் கொண்ட இன்னொரு பையனும் சேர்ந்து கையைத் தூக்கினான். அவர் அடுத்த பெயருக்குப் போனார்.